நழுவாத உறை

1

இந்தக் கதை ஒரு முழங்கை உறையிலிருந்து வந்தது. அதை நான் வாங்கவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஞாயிறு காலைகளில் பழைய சாமான் விற்கும் தெருவில் ஹபீபா பீவி என்கிற அக்கா தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். இஸ்திரிப் பெட்டிகள், பூட்டுகள், உடைந்த கடிகாரங்கள். அவற்றுக்கு நடுவில் கையகலத் தோல் கிண்ணம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தையல் விட்ட இடத்தில் தேங்காய் நார் நீட்டிக்கொண்டிருந்தது. உட்புறம் கறுத்து வெடித்த ரப்பர் பூச்சு. ஓரத்தில் ஒரு பட்டை, ஒரு சாண் நீளம் போய் முடிந்திருந்தது.

"குதிரை முட்டிக்குக் கட்டுறதுலா, தங்கச்சி," என்றார் அக்கா. "கப்பல்ல வேலை செஞ்சவங்க வீட்டுலேருந்து வந்துச்சு."

கப்பலில் ஏது குதிரை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கடைக்காரர்களிடம் பேச்சை நீட்டிக்க எனக்கு வராது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பேருந்தில்தான் உறைத்தது. பட்டை இற்றுப் போகவில்லை. அறுக்கப்பட்டிருந்தது.

(பட்டைக்குள் கை இருக்கும்போது அதை அறுக்கும் ஒருவர் கத்தியைத் தோலுக்கும் பட்டைக்கும் நடுவில் நுழைத்து, வெளிப்பக்கமாக அறுப்பார். உள்ளே இருக்கும் கைக்கு இனி வலிக்காது என்றால் அந்தக் கவனம் தேவையில்லை; வெளியிலிருந்தே அறுக்கலாம். கத்தி எந்தப் பக்கம் இறங்கியது என்பதை வெட்டின் ஓரம் சொல்லிவிடும். திருப்பிப் பார்த்திருந்தால் போதும். நான் திருப்பவில்லை.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘1926-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பினாங்குத் துறைமுகத்தில் —’ வேண்டாம். கொதிகலனுக்குள் இருப்பவருக்கு மழை தெரியாது.

‘சூசைக்கு இருட்டு பழகிவிட்டிருந்தது —’ பொய். வேலை பழகும். இருட்டு பழகாது.

‘உள்ளே போகிறவர் தலையை முதலில் விடுவார், வெளியே வரும்போது கால் முதலில் வரும்.’

இதை வைத்துக்கொள்கிறேன்.

சூசை பினாங்கில் டத்தோ கிராமாட் என்ற இடத்தில் குடியிருந்தவர். சுமத்ராவுக்குப் போய்வரும் சிறு நீராவிக் கப்பல்களில் கொதிகலன் சுரண்டுவது அவர் வேலை. கொதிகலனை ஆறவிட்டு, நீரை வடித்துவிட்டு, முட்டை வடிவ ஓட்டை ஒன்றின் வழியாக ஆளை உள்ளே அனுப்புவார்கள். அடியில், நெருப்புக் குழாய்க்கும் தரைத் தகட்டுக்கும் நடுவில், ஒரு மனிதர் குப்புறப் படுக்க மட்டும் இடம் இருக்கும். முழங்கையாலும் முட்டியாலும் ஊர்ந்து போய்ப் படிந்திருக்கும் உப்பைச் சுரண்ட வேண்டும். திரும்ப இடமில்லை. போன வழியே பின்னால் நகர்ந்து வர வேண்டும்.

உள்ளே குரல் எடுபடாது, எதிரொலியில் குழம்பிவிடும். அதனால் தட்டு. வெளியே நிற்கும் கூட்டாளி பிச்சைமுத்து அவ்வப்போது சுத்தியலால் இரண்டு முறை தட்டுவார். ‘நான் இருக்கிறேன், வேலையைப் பார்’ என்று பொருள். உள்ளிருந்து இரண்டு தட்டு பதில் வரும். வெளித்தட்டு நின்றுபோனால், எந்த வேலையானாலும் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து வெளியே வந்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.*

* இந்த ஏற்பாடு நான் கற்பனை செய்தது. ஆனால் எழுதியபோது யோசிக்கவே இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்ததை எழுதுவதுபோல் கை போயிற்று.

3

கால் ஒரு கூம்பு. தொடையில் அகலம், கீழே போகப் போக ஒடுக்கம். கூம்பின் மேல் கட்டிய எதுவும் ஒடுங்கிய பக்கம் இறங்கத்தான் பார்க்கும். முட்டியை மடக்கினால் சுற்றளவு கூடும், நீட்டினால் குறையும். மடக்கியபோது இறுக்கிக் கட்டினால் நீட்டும்போது தளரும். நீட்டியபோது இறுக்கினால் மடக்கும்போது ரத்தம் நின்றுவிடும். முட்டி உறை ஏன் நழுவுகிறது என்பதற்கு இவ்வளவுதான் விளக்கம்.

சூசை கோணிச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு போவார். கொஞ்சம் ஊர்வதற்குள் சாக்கு கணுக்காலுக்கு வந்துவிடும். அதன் பிறகு இரும்பும் தோலும்தான். சில நாள் ஒரு சாக்கை உள்ளேயே விட்டுவிட்டு வருவார். எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியாது.

"இன்னிக்கும் ஒண்ண முழுங்கிருச்சா அண்ணே?" என்பார் பிச்சைமுத்து. "எவ்ளோ போட்டாலும் அதுக்குப் பசி அடங்காதுலா."

(இந்த வரியைச் சிரிப்புக்காகத்தான் சேர்த்தேன்.)

முட்டிகள் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாயின. இடது முட்டியில் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கட்டுப் போட்டுவிட்டு, இன்னொரு முறை சீழ் மூட்டுக்குள் இறங்கினால் காலை எடுக்க வேண்டிவரும் என்று சூசையின் மனைவியிடம் தனியாகச் சொன்னார். மனைவி பெயர் அன்னமேரி. தையல்காரி. வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், புருஷனைத் தரையில் குப்புறப் படுக்கச் சொல்லி நூலால் அளவெடுத்தது.

4

அன்னமேரியை நான் நம்பவில்லை. அதாவது, அவள் செய்ததாக நான் எழுதியிருப்பதை.

அவள் கழுத்தில் உத்தரியம் இருந்தது. கத்தோலிக்கர்கள் அணிவது: இரண்டு சிறு துணித்துண்டுகள், ஒன்று மார்பில், ஒன்று முதுகில், தோள் வழியே நாடா இணைக்கும். முன்னது நழுவப் பார்த்தால் பின்னது பிடிக்கும். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் இடம் மாறாது. அளவெடுத்துக்கொண்டிருந்தவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், உடனே புரிந்துகொண்டாள் என்று எழுதினேன். உறையை அது இருக்கும் உறுப்பில் கட்டக் கூடாது. எதிர்ப்பக்கத்து உறையோடு கட்ட வேண்டும்.

தோலில் நான்கு உறைகள் தைத்தாள். இரண்டு முழங்கை உறைகளையும் முதுகுக்குக் குறுக்கே ஒரு பட்டையால் இணைத்தாள். முட்டி உறைகளை அதே பட்டையிலிருந்து இரு வார்களால் தொங்கவிட்டாள். உள்ளே தேங்காய் நார் திணித்தாள். அவள் அக்கா நிபோங் திபால் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ரப்பர் பாலை உட்புறம் பூசிக் காயவைத்தாள், தோலைப் பற்றிக்கொள்ள. முடிச்சு முன்னால் இருந்தால் தகட்டில் உரசும் என்று முதுகில் வைத்தாள்.

உண்மையில் அவள் இதில் எதையும் செய்யவில்லை. நான் ஒரு மாலை தாளில் படம் வரைந்து, விசைகளுக்கு அம்புக்குறி போட்டு, சரி என்று கண்டபின் அவள் கையில் கொடுத்தேன். நல்ல வடிவமைப்பு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"உள்ள போயி இழுத்து விட்டுக்கிட்டே இருக்காதீங்க," என்றாள் அவள். "இது நகராது. வெளிய வந்ததும் நானே அவுத்து விடுறேன்."

5

முதல் நாள்.

பிச்சைமுத்து சூசையைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னாண்ணே, பூசைக்குப் போறியா, பாய்லருக்குப் போறியா?"

"ரெண்டுலயும் முட்டிதானே போடணும்," என்றார் சூசை.

தலையை விட்டார். தோள், இடுப்பு, கால். வெளியே இரண்டு தட்டு. உள்ளே இரண்டு தட்டு. ஊர்ந்தார். உறைகள் நகரவில்லை. முதல்முறையாக அவர் முட்டியைப் பற்றி நினைக்காமல் ஊர்ந்தார். அதனால் வழக்கமாக நிற்கும் இடத்தையும் தாண்டிப் போனார். சாக்கு கட்டிய நாட்களில் போகாத தூரம். அங்கே உப்பு கல்லாகியிருந்தது. சுரண்டியை எடுத்தார். வெளியே இரண்டு தட்டு. உள்ளே இரண்டு தட்டு.

மாலையில் அவர் பின்னால் நகர்ந்து —

இங்கே நின்றுவிட்டேன். ‘பின்னால் நகர்ந்து வெளியே வந்தார்’ என்று முடிக்க வேண்டும். இரண்டு சொல் பாக்கி. ஆனால் பின்னால் நகரும்போது என் பட்டை எப்படி நடந்துகொள்ளும் என்று நான் யோசித்திருக்கவில்லை. என் அம்புக்குறிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்திருந்தன.

சோதித்துப் பார்ப்பது எளிது. பழைய பெல்ட்டும் துணியும் வைத்து அதே அளவில் ஒன்று தைத்தேன். மாட்டிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், அறைக்கதவைச் சாத்திவிட்டு, என் இரும்புக் கட்டிலின் அடியில் குப்புற ஊர்ந்தேன். போகும்போது ஒன்றும் இல்லை. பட்டை முதுகோடு ஒட்டிப் படிந்திருந்தது. பின்னால் நகர்ந்தேன். பட்டை சுருண்டு மேலெழுந்து, கட்டிலின் அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஆணித்தலையில் மாட்டிக்கொண்டது. இன்னும் நகர்ந்தேன். இறுகியது. முன்னால் போனால் தளர்ந்தது. பின்னால் வந்தால் இறுகியது. தூண்டில் முள் அப்படித்தான் வேலை செய்கிறது.

கையை முதுகுக்குக் கொண்டுபோக இடமில்லை. வலது கையை மோவாய்க்கு அடியில் மடக்கினால் இடது மேல்கையின் பட்டையை மட்டும் தொட முடிந்தது.

அப்படியே கிடந்தேன். அப்போது கட்டிலின் காலில் இரண்டு தட்டு கேட்டது.

பக்கத்து வீட்டில் ஏதாவது அடித்திருப்பார்கள். அப்படித்தான் இருக்கும். ஆனால் நானும் தரையில் இரண்டு முறை தட்டினேன். ஏன் தட்டினேன் என்று தெரியவில்லை.

வேகமாக இழுத்ததில் தையல் பிரிந்தது. வெளியே வந்துவிட்டேன். என் தையல் மோசம். அன்னமேரியின் தையல் அப்படியல்ல. அப்படி எழுதியதும் நான்தான்.

6

அந்தச் சாக்குகள். சிரிப்புக்காகச் சேர்த்த சாக்குகள். கொதிகலன் அவற்றை விழுங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் ஆணி சூசையைப் பிடித்திருக்கிறது. சாக்கு கழன்று அவரை விட்டிருக்கிறது. நழுவியதால்தான் அவர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நழுவியதால்தான் அவர் கால் அழுகிக்கொண்டிருந்தது.

நான் நழுவலை நிறுத்திவிட்டேன்.

திருத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். முயன்றேன்.

அ) சூசை உறை வேண்டாம் என்று மறுக்கிறார். பழைய சாக்கோடு போகிறார். சீழ் மூட்டுக்குள் இறங்குகிறது. கால் போகிறது. அன்னமேரி மிச்சத் தோலை மடித்து வைக்கிறாள். எழுதி அழித்தேன்.

ஆ) வலது கையில் இருக்கும் சுரண்டியின் கூர்ப்பக்கத்தால் இடது மேல்கைப் பட்டையை அறுத்துக்கொண்டு வருகிறார். ஆனால் அவிழ்த்து விடுவது தன் வேலை என்று அன்னமேரி சொல்லியிருக்கிறாள். அவர் அதை எவ்வளவு நேரம் மதிப்பார்? காற்று எவ்வளவு நேரம் இருக்கும்? ‘சூசை சுரண்டியைப் பட்டைக்குள் நுழைத்து —’ இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இ) ஆட்கள் வந்து இழுக்கிறார்கள். வெளியே கொண்டுவந்து கிடத்திய பிறகு யாரோ பட்டையை அறுக்கிறார்கள். வெளியிலிருந்து.

ஆ-வா இ-யா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, அந்த வெட்டின் ஓரம், ஹபீபா பீவியின் தார்ப்பாயில் இருந்தது. அடுத்த ஞாயிறு போனேன். அந்த இடத்தில் ஒரு தையல் மெஷின் இருந்தது.

"அந்தக் குதிரை சாமானா?" என்றார் அக்கா. "போயிருச்சு தங்கச்சி. நீ வந்துட்டுப் போன அன்னிக்கே ஒரு ஆளு வந்தாரு. மெதுவா, சுவரப் புடிச்சிக்கிட்டு நடந்தாரு. கையில மாட்டிப் பாத்தாரு. அளவு சரியா இருந்துச்சு."

எந்தக் கை என்று கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரு கடைக்காரரிடம் நானாகக் கேட்ட கேள்விகள் குறைவு. அதில் இது ஒன்று. அவர் தன் இடது கையைத் தொட்டுக் காட்டினார்.

"ஒத்தய வச்சு என்னா செய்வீங்கன்னு கேட்டேன். இன்னொண்ணு உள்ள கெடக்குதுன்னாரு."

7

அவர் யார் என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. வீட்டுக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். என் விசைப்பலகை பழையது. ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தம் வரும். நான் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தால் அறை சாதாரணமாக இருக்கிறது. யோசிக்க நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் கட்டில் பக்கமிருந்து இரண்டு தட்டு வருகிறது. கேள்விபோல. நான் மறுபடி அடிக்கத் தொடங்கினால் நின்றுவிடுகிறது.

எனக்குப் புரிந்தது இது: என் எழுத்துச் சத்தம்தான் இப்போது அவருக்கு வெளித்தட்டு. பிச்சைமுத்து தட்டிக்கொண்டிருக்கும்வரை சூசை பின்னால் நகர மாட்டார். ஏற்பாடு அப்படி. முன்னால் இருக்கும்வரை பட்டை தளர்வாகவே இருக்கும். மூச்சு வரும். முட்டி வலிக்காது. உப்பைச் சுரண்டிக்கொண்டிருப்பார். டத்தோ கிராமாட்டில் அன்னமேரி சோறு வடித்துவிட்டு, முதுகு முடிச்சை அவிழ்க்கக் காத்திருப்பாள். என் எழுத்துச் சத்தம் நிற்கும் கணத்தில் அவர் வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குவார். கால் முதலில்.

அதனால்தான் ஏழாவது பகுதியில் இவ்வளவு சொல்லிக்கொண்டிருக்கிறேன். கதை ஆறிலேயே முடிந்துவிட்டது.

ஆனால் நான் என்றைக்கும் தட்டிக்கொண்டிருக்க முடியாது. என்றைக்கும் ஒருவரை உள்ளே வைத்திருப்பதும் காப்பாற்றுவது ஆகாது. (இந்த வாக்கியத்தை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட மனமில்லை.)

நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு மேசையோ சுவரோ இருக்கும். இரண்டு முறை தட்டினால் அவர் உள்ளேயே இருப்பார், உயிரோடு, இருட்டில். தட்டாவிட்டால் பின்னால் நகர்வார். பட்டை மாட்டும். வலது கையில் சுரண்டி இருக்கிறது. அவர் அறுப்பாரா, அவள் சொன்னதற்காகக் காத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அவரைப் படைத்தது நான்தான், இருந்தும் தெரியாது.

எதைச் செய்யச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தட்டுவதாக இருந்தால், பதில் வருவதற்குள் எழுந்து போய்விடாதீர்கள்.

நான் கையை எடுக்கிறேன்.