நான்காவது சலைன்

பதினோராம் கட்டிலில் கிடந்த ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியாருக்குச் சராசரி ரத்த அழுத்தம் ஐம்பத்தெட்டு. நர்ஸ் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தாள். ஐம்பத்தேழு.

"ஸ்கோர் எவ்வளவு சிஸ்டர்?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"இன்னும் அவுட் ஆகல சார்."

"காய்ச்சல்லகூட இந்த வாய் ஓயாது," என்று மனைவி போர்வையை இழுத்து மூடினாள்.

டாக்டர் வேகமாக வந்தாள். "லாக்டேட் நாலு. நாலு பை சலைன், ரெண்டு லிட்டரும் ஏறிடுச்சா சிஸ்டர்?"

"ஏறிடுச்சு டாக்டர். சார்ட்ல இருக்கு."

சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆன்டிபயாடிக் மதியமே போட்டாயிற்று. போதிய சலைன் ஏற்றிய பிறகும் அழுத்தத்தை அறுபத்தைந்தில் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, ரத்தத்தில் சேரும் லாக்டேட் அமிலமும் இரண்டுக்கு மேலேயே நின்றால், அது உயிருக்கே ஆபத்தான செப்டிக் ஷாக். கழுத்து நரம்பில் குழாய், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே காலியாக இருப்பதோ ஒரே கட்டில். டாக்டர் அதைக் கேட்கப் போனை எடுத்தாள்.

அப்போதுதான் நர்ஸ் ஸ்டாண்டை நிமிர்ந்து பார்த்தாள். நான்காவது சலைன் பை முக்கால்வாசி அப்படியே தொங்கியது. சொட்டு விழவில்லை. போர்வையை விலக்கினாள். ஊசி ஏறிய கை, முழங்கையில் மடங்கி நெஞ்சின் மேல் கிடந்தது. அதை நீட்டியதும் சொட்டுகள் ஓடத் தொடங்கின.

"குளிருதுன்னாரு, நான்தாம்மா மடக்கி வெச்சேன். தப்பாயிடுச்சா?"

"உங்க மேல தப்பில்லம்மா."

தப்பு சார்ட்டில் இருந்தது. பையை மாட்டும்போதே 'ஏற்றியாயிற்று' என்று எழுதிவிடுவது அந்த வார்டின் பழக்கம். அப்புறம் எழுத யாருக்கு நேரம்? வாயை மூடிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் பை தானாகக் காலியாகிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"டாக்டர், நாலாவது ஏறவே இல்ல. மாட்டினப்பவே எழுதிட்டேன்."

டாக்டர் போனைக் கையால் பொத்தினாள். "இப்பவா சொல்றீங்க?" ஒரு நொடி யோசித்தாள். "பையை அமுக்கி வேகமா ஏத்துங்க. பிரஷர் மருந்தையும் கலந்து கையிலயே வைங்க. பத்து நிமிஷத்துல பிரஷர் நிக்கலன்னா ஆரம்பிச்சிடணும்." போனில் ஏதோ கேட்டுவிட்டு முகம் சுளித்தாள். "கட்டிலைப் பிடிச்சு வைக்க மாட்டாங்களாம். எமர்ஜென்சியில இன்னொருத்தர் இருக்காராம்."

கட்டில் கைவிட்டுப் போனது. இவருக்கு நிஜமாகவே ஷாக் என்றால்? நர்ஸ் ஒரு கையால் பையை அமுக்கி, மறு கையால் அழுத்தம் பார்க்கும் கருவியின் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அறுபது. அறுபத்தொன்று. மறுபடி அறுபது.

"என்ன சிஸ்டர், பந்துக்குக் காத்தடிக்கிறீங்களா?" என்றார் வாத்தியார்.

"பேசாம படுங்க சார்!"

பை சுருங்கிக் காலியானபோது அறுபத்தாறு. டாக்டர் தானே ஒருமுறை பார்த்தாள், அறுபத்தேழு. மருந்து தொடாமலே அழுத்தம் நின்றது. மறுபடி எடுத்த ரத்தத்தில் லாக்டேட் இரண்டு புள்ளி ஏழு.

"இப்போதைக்கு ஷாக்னு எழுத முடியாது. ஆனா நம்பிடாதீங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பாருங்க."

நர்ஸ் நான்காவது வரியை, எழுத்து தெரியும்படி ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் சரியான நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடியில் பத்தாம் கட்டிலின் சார்ட் கிடந்தது. அதிலும், பையை மாட்டிய கையோடு, இரண்டரைக்கே சலைன் முடிந்ததாக எழுதியிருந்தாள்.

பேனாவைக்கூட மூடாமல் எழுந்து அந்தக் கட்டிலுக்கு நடந்தாள்.