பிரேக் போடாத இறக்கம்

ஜவ்வாது மலையில் இறக்கம் வந்தால் வண்டியின் என்ஜினை அணைத்துவிடுவார்கள். சும்மா உருள்வதற்கு எதற்குப் பெட்ரோல் என்பது அவர்கள் கட்சி. கவியாவின் அண்ணன் தசரதனும் அந்தக் கட்சிதான். இருந்த ஒரு பஸ்ஸும் அன்று வரவில்லை. அவன் டேங்கைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஆலங்காயம் வரைக்கும் எறக்கந்தானே, நடுவுல ஒரே மேடு, அதுக்கு இது போதும், போய்ட்லாம்" என்று தங்கையைப் பைக்கில் ஏற்றிக்கொண்டான்.

பத்து மணிக்கு அவளுக்கு இயற்பியல் மறுதேர்வு. தேறினால் நர்ஸிங் படிப்பு, தவறினால் அந்த ஆசைக்கு முழுக்கு. போன தடவை அவளைக் கவிழ்த்தது நிலை ஆற்றல் கணக்கு. உயரத்தைப் போட வேண்டிய இடத்தில் சாய்தளத்தின் நீளத்தைப் போட்டுவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மலையில் எவ்வளவு நேரம் நடக்கிறோமோ அதுதான் உயரம்.

அடிவாரம் நெருங்கும்போது தசரதன் வண்டியை நிறுத்தினான். எதிரே சாலை பள்ளத்தில் இறங்கி, பிறகு நீளமாக ஒரு மேடு ஏறியது. அதைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் வரை இறக்கம்தான். பள்ளத்தில் பிரேக் போட்டு, என்ஜினைக் கிளப்பி மேடேறுவது எல்லோருக்கும் வழக்கம். அவன் உதைத்து உதைத்துப் பார்த்தான். டேங்க் வறண்டிருந்தது.

"மேடு இன்னா நீளம் பாரு. தள்ளிக்கினு போனா பரீட்சைக்கு ஆவாது."

கவியா ஓரத்துக் கரண்டுக் கம்பங்களை வைத்துக் கண்ணாலேயே அளந்தாள். பள்ளத்துக்கு இரண்டு கம்ப உயரம் இறங்க வேண்டும். மேடு ஒரு கம்பத்தைத் தாண்டாது. நீளம் கிடக்கட்டும்.

"ண்ணா, பிரேக் போடாத. அதுவே ஏறும்."

"நீ வேணா எறங்கிக்கோ, பாரம் கொறையும்."

"கணக்குல பாரம் ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போவும். நீ வுடு."

வண்டி உருண்டது. காற்று காதை அடைத்தது. பள்ளத்தில் தசரதனின் விரல்கள் பழக்கதோஷத்தில் பிரேக்கைத் தேடின. அவள் அவன் தோளை அழுத்தினாள். விரல்கள் விலகின. மேடு தொடங்கியதும் வேகம் கரைந்தது. பாதியில் நின்றுவிடுமோ என்று அவளுக்கு உயிரே போயிற்று. வண்டி திணறித் திணறி, ஆள் நடக்கும் வேகத்தில் உச்சியைத் தாண்டி, மறுபக்கம் தானாகத் தலை சாய்த்தது.

கவியாவுக்குக் கண் கலங்கியது. புத்தகத்தில் mgh என்று மூன்றெழுத்தாகக் கிடந்தது இப்போது அவளைச் சுமந்துகொண்டு போனது.

பங்கில் மணி ஒன்பதுகூட ஆகவில்லை. தசரதன் டேங்க் மூடியைத் திறந்து, காய்ந்த அடியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்ப நம்மள யாரு தள்ளினது?"

கவியா திரும்பி மலையைப் பார்த்தாள்.

"நம்ம வூடு. மேல கீதே, அதான்."