கமராவில் சந்தனம்

விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு எனக்கு நேர்முகத் தேர்வு. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்குச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை. ஹந்தானையில் எங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். முகம் பார்த்துப் பேசுவதோடு, அவர்கள் முன்னாலேயே ஒரு பந்தியை மொழிபெயர்த்தும் காட்ட வேண்டும், அதற்கு லெப்டொப் கட்டாயம் என்று எழுதியிருந்தார்கள். பதினான்கு வருடம் கண்டி டவுனில் புடைவைக் கடையில் நின்றவள் நான். சிங்களம் தானாக வாயில் வரும். ஆனால் என்னை எடைபோடுவதற்கென்றே ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் வருமா என்பது எனக்குத் தெரியாது.

முதல்நாளே லெப்டொப்பை இயக்கிப் பார்த்திருப்பேன். ஆனால் அது சாமித் தட்டில் இருந்தது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்கள் வைத்தபோது என் மாமியார் பாப்பம்மா அதையும் சேர்த்து வைத்துவிட்டார். வைத்ததை விஜயதசமி காலைப் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது.

"ஒன்னோட எழுத்து வேல பூரா அதுலதானே கெடக்கு," என்றவர், மூடியில் மூன்று, முன் ஓரத்தில் ஒன்று, திறந்து திரைக்கு மேலே நடுவில் ஒன்று என்று சந்தனப் பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டிருந்தார். திரைக்கு மேலே இருப்பது கமராவின் கண் என்று அவருக்குத் தெரியாது. நெற்றி என்று நினைத்திருப்பார்.

ஒன்பது மணிக்குப் பூசை முடிந்ததும் எடுத்து, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். கொழும்பு ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். மூடியின் வெளிப்பக்கத்தை அவர்கள் எப்படிப் பார்க்கப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை. வெட்கம் யோசிக்க விடுவதில்லை.

இயக்கினேன். வைஃபை குறியின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் அடையாளம்.

ரவுட்டரில் விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. என் ஃபோனில் அதே வைஃபை நன்றாக ஓடியது. அப்படியானால் பிழை லெப்டொப்பில்தான். இருந்தாலும் ரவுட்டரின் வயரைக் கழற்றி, முப்பது எண்ணி மாட்டினேன். லெப்டொப்பை அணைத்து மறுபடி இயக்கினேன். பட்டியலில் எங்கள் வைஃபையும் இல்லை, பக்கத்து வீட்டு நிஷாந்தியுடையதும் இல்லை. பட்டியலே வரவில்லை. பிழையைத் தேடச் சொல்லி அழுத்தினேன். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. வாசிக்காமலே மூடினேன்.

மணி ஒன்பது நாற்பது.

"சந்தனத்த தண்ணியாக் கரைச்சா வச்சீங்க மாமி? உள்ள எறங்கிருச்சு போல."

"நான் கெட்டியாத்தான் வச்சேன். நீதான் சட்டை தொவைக்கிற மாதிரி தேச்ச."

லெப்டொப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். பதற்றத்துக்கு அடியில் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. நெட் வராவிட்டால் குற்றம் என்னுடையதல்ல. திறமை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாவம், நல்ல வேலை கைவிட்டுப் போனது என்பார்கள். இந்த நிம்மதி எனக்குப் புதிதல்ல. பத்தொன்பது வயதில் ஆசிரியர் வேலைக்கான நேர்முகத்துக்குக் காய்ச்சல் என்று போகாமல் படுத்திருந்தபோதும் இதுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அன்று உண்மையில் காய்ச்சல் இருந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

ஃபோனை எடுத்து ரிஸ்கானுக்கு அழைத்தேன். டவுனில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். இந்தப் பழைய லெப்டொப்பை எனக்கு விற்றவரும் அவர்தான்.

"நானா, வைஃபை வருதில்ல. பத்து மணிக்கு இன்டர்வியூ."

"பதறாதீங்க தங்கச்சி. ட்ரபிள்ஷூட் பண்ணினீங்களா? என்ன செல்லுது?"

"படிக்கல."

"டொக்டர் துண்டு எழுதிக் குடுத்தாலும் படிக்காம மடிச்சு வெப்பீங்களா? மறுக்காப் பண்ணுங்க."

மறுபடி அழுத்தினேன். இம்முறை வாசித்தேன். வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறது என்று அது தெளிவாகவே சொல்லியது. அதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"முன்னுக்கு, ஓரத்துல, தள்ளுற ஸ்விட்ச் ஒண்டு ஈக்கும். பழைய மொடல்ல அப்பிடித்தான். தொடைக்கப் போய் தள்ளுப்பட்டிருக்கும். நகத்தால தடவிப் பாருங்க."

தடவினேன். அரை நகமளவு ஸ்விட்ச். அதன் பள்ளம் முழுக்கச் சந்தனம். கொண்டை ஊசியால் கிளறிவிட்டு மறுபக்கம் தள்ளினேன். பட்டியல் வந்தது. முதலில் நிஷாந்தியுடையது, பிறகு எங்களுடையது.

"வந்திருச்சு நானா!"

"ஆ, போய் நல்லாச் செய்யுங்க. பூசை வடையில எனக்கும் ரெண்டு வெச்சிருங்க."

மாமியிடம் திரும்பினேன். "நான்தான் தொடைக்கிறப்ப அணைச்சிருக்கேன் மாமி."

"அதத்தானே நானும் சொன்னேன்," என்று கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

ஒன்பது ஐம்பத்தெட்டு. இனிச் சொல்வதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

திரையில் என் வயதுப் பெண் ஒருவர் வந்தார். என்னை அறிமுகம் செய்ய நான் மனப்பாடம் செய்திருந்த சிங்கள வாக்கியங்களைத் தொடங்குமுன்பே அவர் கேட்டார்:

"சுகிர்தா, உங்கள் பக்கம் ஒரே மங்கலாக இருக்கிறதே. ஹந்தானையில் பனிமூட்டமா?"

ஜன்னலைப் பார்த்தேன். வெளியே பளீரென்ற வெயில். தேயிலை மலை தெளிவாக நின்றது. திரையின் மூலையில் என் முகம்தான் புகைக்குள் இருப்பதுபோல் இருந்தது. கமராவின் கண்ணை நான் துடைக்கவில்லை, பூசிவிட்டிருந்தேன்.

"பனி இல்லை மேடம், சந்தனம். நேற்று லெப்டொப்புக்குப் பூசை. மாமி கண்ணிலேயே பொட்டு வைத்துவிட்டார்."

மனப்பாடத்தில் இல்லாத சிங்களம். கடையில் சேலையை விரித்துப் போட்டுக்கொண்டே பேசுவேனே, அது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். தன் லெப்டொப் பையைத் தூக்கிக் காட்டினார். கைபிடியில், பௌத்த பிக்குகள் ஓதிக் கொடுக்கும் வெள்ளைப் பிரித் நூல்.

"என் அம்மா கட்டியது," என்றார். "துடைத்துவிட்டு வாருங்கள், தொடங்கலாம்."

நாற்பது நிமிடம் போனது தெரியவில்லை. பந்தியில் ஒரு இடத்தில் தடுக்கினேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அப்படிச் சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. கடைசியில், திங்கட்கிழமை தொடங்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பழைய நிம்மதி எழுந்து வந்து ஏதாவது சாக்குச் சொல்லுமுன் முடியும் என்றேன்.

மாமி வாசலில் வடைத் தட்டோடு நின்றார். "என்ன சொல்றாங்க?"

"திங்கக்கெழமையே ஆரம்பிக்கச் சொல்றாங்க மாமி."

"அப்ப அடுத்த வருசம் நீயே பொட்டு வையி. கண்ணு எங்க, நெத்தி எங்கன்னு எனக்கு எங்க தெரியுது?"

"நீங்களே வைங்க. நான் எடம் காட்டுறேன்," என்றேன். ரிஸ்கானுக்கு இரண்டு வடையைத் தனியே எடுத்து வைத்தேன்.