நடு ஸ்டாப்பு

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்ற குழிவெட்டி ராஜா மறுபடியும் கேட்டான்.

"எந்தப் பக்கங்க வெட்டட்டும்?"

கலைவாணனுக்குத் தெரிந்தால் சொல்லமாட்டானா? பெரம்பலூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். கோட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கற்றுக்கொடுப்பது தொழில். அவன் வண்டி கோட்டுக்குள் நின்று யாரும் பார்த்ததில்லை. அவனிடம் போய் அப்பாவை எந்தக் கோட்டுக்குள் நிறுத்துவது என்று கேட்கிறார்கள்.

அப்பா ஜெயசீலன் காலையில் காபி கேட்டார். பாதி குடித்துவிட்டுச் சர்க்கரை பத்தவில்லை என்றார். குறை சொன்ன திருப்தியோடு போய்விட்டார். அரியலூர் ரூட்டில் கண்டக்டராக இருந்த மனிதருக்கு இறங்கும் இடம் தெரியாதா?

கீழப்பழுவூர்ப் பக்கத்து ஊர் அது. கல்லறைத் தோட்டம் ஒன்றுதான், நடுவில் எல்லைக்கல். கிழக்கே கத்தோலிக்க மாதா கோயில்காரர்கள், மேற்கே புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள். அம்மா அடைக்கலமேரி, மாதா கோயில். அப்பா சபை. கடைசிவரை இருவரும் கோயில் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பக்கம் போய், கறிக்குழம்புக்கு வீட்டில் சந்தித்துக்கொண்டார்கள். அம்மா முன்னால் போனபோது, அவளை வைக்க எல்லைக்கல்லை ஒட்டி இடம் பிடித்தவர் அப்பாதான்.

போன வாரம் கலைவாணனிடம் சொல்லியிருந்தார். "உங்கம்மா பக்கத்துலதான் என்னைய வைக்கணும். நடுவுல கல்லு கில்லு இருந்துச்சு, எந்திரிச்சு வந்துருவேன்."

வரக்கூடியவர்தான். ஆனால் அம்மாவுக்கும் கல்லுக்கும் நடுவே அரை ஆள் இடம்தான் இருந்தது.

சபை மூப்பர் அரியமுத்து, எங்கள் ஆள் எங்கள் பக்கம்தான் என்றார். கல்லுக்கு மேற்கே தாராளமாக இடம் இருந்தது. மாதா கோயில் உபதேசியார் சவரிமுத்து, தேர் இழுக்க வருஷம் தவறாமல் வந்தவர் எங்களுக்கும் ஆள்தான், கிழக்கே கடைசி வரிசையில் வைக்கலாம் என்றார். யாரும் அப்பாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் சிக்கல். மேற்கே போனால் நடுவில் கல், கிழக்கே போனால் நடுவில் ஊரே படுத்திருந்தது.

கலைவாணனுக்கு வாதாடத் தெரியாது. அப்பா மாதிரி கேட்கத்தான் தெரியும். அரியமுத்துவிடம் கேட்டான்.

"பெரியப்பா, எருசலேம் யாருக்கு?"

பெரியவர்கள் இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஊரில் யாருக்கும் அந்தக் கேள்வி புதிதில்லை. பைபிளில் யோசுவா புத்தகத்தில் இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு நிலம் பிரிக்கும் அதிகாரங்களைப் படிக்கச் சபையில் ஆள் கிடைக்காது. அப்பா மட்டும் ஆசையாகப் போய், ஸ்டாப் பெயர் கூவுவதுபோல ஊர்ப்பெயர்களைப் படிப்பார். பிறகு கேட்பார். யூதா கோத்திரத்துக்குக் கொடுத்த ஊர்களைச் சொல்லி முடிக்கும் இடத்திலும் எருசலேம் வருகிறது. பென்யமீன் பட்டியலிலும் வருகிறது. ஒரே ஊர் எப்படி ரெண்டு ரூட்டில் வரும்? எத்தனையோ போதகர்கள் பதில் சொல்லாமலே மாற்றலாகிப் போனார்கள்.

அரியமுத்துவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கலைவாணன் கையைப் பிடித்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாவிப்பய, செத்தும் விடமாட்டேங்குறான்."

"அவரே ஒரு பதில் வச்சிருந்தாரேண்ணே," என்றார் சவரிமுத்து.

அரியமுத்து தொண்டையைச் செருமி, அப்பாவின் குரலிலேயே சொன்னார். "ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு ஸ்டாப்பு. இவனும் எங்க ஸ்டாப்புங்குறான், அவனும் எங்க ஸ்டாப்புங்குறான். எதுக்குச் சண்டை? நான் ரெண்டு பேருக்கும் நிறுத்துனேன்."

அரியமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கல்லப் புடுங்குடா ராஜா."

குழி பாதி கிழக்கிலும் பாதி மேற்கிலுமாக இறங்கியது. எங்கள் கல்லறைப் பதிவில் எழுதிக்கொள்கிறோம் என்றார் சவரிமுத்து. எங்கள் பதிவிலும்தான் என்றார் அரியமுத்து. பிற்காலத்தில் எவனாவது ஆராய்ச்சிக்காரன் ரெண்டையும் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளப் போவதை நினைத்து, பெற்ற அப்பன் சாவில் கலைவாணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ரெண்டு கோயில் மணியும் அடித்தன, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல். பெட்டியை இறக்கும்போது அடியில் மண் சரிந்து, அது அம்மா பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தது.

"நேராக்கட்டுங்களா?" என்றான் கயிறு பிடித்திருந்த ராஜா.

"இருக்கட்டும்," என்றார்கள் பெரியவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்தாற்போல்.

பிடுங்கிய கல் வேலியோரம் கிடந்தது. அதன் மேல் யாரோ டீ கிளாஸை வைத்திருந்தார்கள்.