இரவல் நாற்காலி

லாண்டரியில் இஸ்திரி போடும் அவளுக்கு இது ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தன. இனி நின்று வேலை செய்தால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்தபடி இஸ்திரி போடலாம் என்றால் அந்த லாண்டரியில் முதலாளியைத் தவிர யாருக்கும் நாற்காலி கிடையாது. கணவன் வெளியூரில் வேலை தேடுகிறான், தேடிக்கொண்டே இருக்கிறான். மிச்சமிருந்த ஒரே வழி, ஏழைக் கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் திட்டம். மனு போட்டாயிற்று. அதிகாரி அம்மாள் வீட்டை வந்து பார்த்து, சரி என்று சொன்னால் போதும்.

வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்றதும் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை.

"வர்றவங்களைத் தரையிலயா உக்கார வைப்பே? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அத்தை, நாம ஏழைதானான்னு பாக்கத்தான் அவங்க வர்றாங்க."

"ஏழைன்னா மரியாதை தெரியாதவங்களா? அவங்க மனசு குளிர்ந்தாத்தானே கையெழுத்துப் போடுவாங்க?"

இதற்கு மேல் வாதாட மருமகளுக்குத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரியும் பிள்ளைத்தாய்ச்சிதான். அவளும் மனு போட்டவள்தான். குணத்தில் தங்கம். "எது வேணுமோ எடுத்துக்குங்க. அவங்க முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வர்றாங்க. போனதும் பின்வாசல் வழியா இங்க கொண்டாந்துடலாம்" என்றாள். அவ்வளவுதான். கை வைத்த நாற்காலி, டிவி, மின்விசிறி, திரைச்சீலை, பூப்போட்ட கோப்பைகள் எல்லாம் இடம் மாறின. தையல் மிஷினைக்கூட மாமியார் விடவில்லை. துணி போர்த்தி மூலையில் வைத்தால் வீடு நிறைந்து தெரியுமாம்.

அதிகாரி அம்மாள் வந்தார். நாற்காலியில் சாய்ந்தார். மின்விசிறிக் காற்றில் நெற்றி வியர்வை அடங்கியது.

"வீட்டை நல்லா வெச்சிருக்கீங்களே."

மாமியார் பூரித்துப்போனாள். "ஏதோ கடவுள் புண்ணியத்துல ஒரு குறையும் இல்லாம இருக்கோம்மா."

நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் யார் கேட்டாலும் சொல்லும் பதில் அது. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். வயிற்றுக்குள் குழந்தை ஓங்கி உதைத்தது. எப்போது உதைக்க வேண்டும் என்று அதற்காவது தெரிந்திருந்தது.

"இதெல்லாம் இரவல், மேடம்" என்றாள் மருமகள். "பக்கத்து வீட்டுல வாங்கினது."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க" என்று சிரித்தபடி அதிகாரி கோப்பையைக் காலி செய்தார். "டீ பிரமாதம். பணம் நிஜமாவே கஷ்டப்படுறவங்களுக்குப் போகணும் இல்லையா?"

எழுந்தவர் நேரே பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார். பின்வாசல் திட்டத்துக்கு யாருக்கும் நேரமே கிடைக்கவில்லை. அங்கே நாலு சுவர், நடுவில் கையைப் பிசைந்தபடி தையல்காரி. உட்காரச் சொல்ல ஒரு முக்காலி இல்லை. தண்ணீர் கொடுக்க ஒரு கோப்பை இல்லை. அதிகாரி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் தையல்காரி சாமான்களை எடுத்துப்போக வந்தாள். நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"அக்கா, நான் வேணும்னு பண்ணலைக்கா."

"தெரியும்மா. உன்மேல என்ன தப்பு."

சொன்னாளே தவிர, நெஞ்சு எரிந்தது. நல்லவள்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போவதைவிடப் பெரிய கொடுமை உண்டா?

"இந்த நாற்காலியாவது இங்கேயே இருக்கட்டும்க்கா. டாக்டர் உங்களை உக்காரச் சொன்னாருல்ல."

"எடுத்துட்டுப் போம்மா. இனிமே உனக்குத்தானே உக்கார நேரம் இருக்கும்."

மாமியார் வெறும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா ஒண்ணு. டீ பிரமாதம்னு அவங்க வாயாலயே சொன்னாங்க, கவனிச்சியா?"

மருமகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு லாண்டரியின் ராத்திரி வேலைக்குக் கிளம்பினாள்.