இலாரியே வேலைக்கு வராத நாள்

மேயர் அலுவலகத்தின் பின்வாசலில் உதவிப்பணம் வாங்குகிறவர்கள் கக்கத்தில் கையைச் செருகிக்கொண்டு நின்றிருந்தார்கள். கிரிவேனியில் அரசாங்க உதவிப்பணம் வாங்கும் வீட்டிலிருந்து ஓர் ஆள் மாதத்தில் சில நாள் ஊருக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும். கால்வாய் தூர்வார வேண்டும், பனி தள்ள வேண்டும், ஈஸ்டருக்கு முன்னால் சாலையோர மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வராவிட்டால் உதவிப்பணம் நின்றுவிடும். அது நின்றால் ஆஸ்பத்திரிக் காப்பீடும் நின்றுவிடும். அதனால் காய்ச்சல்காரன்கூடக் காய்ச்சலோடு வருவான், காய்ச்சலுக்கு மருந்து கிடைக்க வேண்டுமே என்று.

ஸ்தானா வந்திருக்க வேண்டியதில்லை. அவள் வீட்டுக்கு அவள் புருஷன் இலாரியேவின் பெயர்தான் பதிவு. ஆனாலும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இன்றைக்கு மரம் வெட்டு என்று முந்தின நாளே பேச்சு. டான்யூப் ஆற்றுக்கு வடக்கே அந்தச் சமவெளியில் கண்ணுக்கு எட்டின தூரம் மக்காச்சோளத் தட்டையும் சூரியகாந்தித் தட்டையும்தான். விறகு மலையிலிருந்து லாரியில் வரும், வந்து பணக்காரர் வீட்டு வாசலில் இறங்கும். போன குளிர்காலம் ஸ்தானா பழைய செருப்புகளைக்கூட அடுப்பில் போட்டாள்.

மேயர் பர்வுலேத்தே வெளியே வந்து மேல்படியில் நின்றார். கீழே இறங்கிவிட்டால் அவருக்குப் பேச்சு வராது.

"கிரிவேனிப் பெருமக்களே!" என்றார், அங்கே நின்ற ஏழெட்டுப் பேரையும் ஒரு நாயையும் பார்த்து. "புனித துமித்ரு திருநாளுக்கு மாவட்டத் தலைவரே வராரு. புதுச் சதுக்கத்தைத் திறந்து வைக்கப் போறாரு. ஐரோப்பாவே நம்மளப் பாக்குது!"

ஐரோப்பா தந்த காசில் சதுக்கத்துக்குச் சாம்பல் நிறக் கல் பாவி, அதன் நடுவே 'ஐ லவ் கிரிவேனி' என்று ஆளுயரச் சிவப்பு எழுத்துகளை நட்டிருந்தார்கள். ராத்திரியில் எரியும். அதற்கு முன்னால் பழைய பாப்ளர் மரம் ஒன்று நின்றது.

"நெடுஞ்சாலையிலேர்ந்து பாத்தா 'ஐ லவ்' மட்டும்தான் தெரியுது. எதை லவ் பண்றோம்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார் மேயர். "டவுன்லேர்ந்து ஒருத்தன் வந்தான். ஹெல்மெட்டு, கயிறு, கொக்கி எல்லாம் மாட்டிக்கிட்டு, கல்யாணக் குதிரை மாதிரி. சுத்தியலால மரத்தைத் தட்டித் தட்டிப் பாத்தான். 'இதுல ஆளை ஏத்த மாட்டேன், கிரேன் வேணும்'னான். அவன் கேட்ட காசுக்கு நான் பக்கத்து ஊரையே வாங்கிருவேன். உங்க அப்பன் பாட்டன்லாம் கிரேன் வெச்சா மரம் வெட்டினாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். இலாரியேவும் சிரித்தான். முசுக்கொட்டை மரத்திலும் செர்ரி மரத்திலும் ஏறிப் பழம் பறிப்பதில் அவனுக்கு ஊரில் பேர் உண்டு. பாப்ளரில் பழம் இல்லை, அவ்வளவுதானே என்று நினைத்திருப்பான்.

"விறகு யாருக்குங்க?" என்று கேட்டான்.

"வெட்டறவனுக்கு! மொத்தமும்! இது மேயர் வாக்கு." மேயர் கையை நீட்டினார். இறங்கி வரவில்லை. இலாரியே படியேறிப்போய்க் குலுக்கிவிட்டு வந்தான்.

"எழுதிக் குடுப்பீங்களா ஐயா?" என்றாள் ஸ்தானா.

"கையையே குடுத்துட்டேன், அப்புறம் என்னம்மா எழுத்து? நான் என்ன பேங்க்கா?"

மறுபடியும் சிரிப்பு. இலாரியே அவளை முறைத்தான், மானத்தை வாங்கிவிட்டாள் என்று.

இரண்டு பழ ஏணிகளைக் கம்பியால் கட்டி ஒன்றாக்கினார்கள். அறுப்பு மிஷின் மேயரின் மச்சானுடையது. அதன் கைக்காப்பு உடைந்து, சணல் சுற்றியிருந்தது. இலாரியே தன் கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டான். குதிரையின் கடிவாள வாரை இடுப்பில் சுற்றித் தோளில் போட்டான். மேலே போனதும் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்வதற்கு. கீழே கயிறு பிடிக்க அவனுடைய சித்தப்பா மகன் ஃபானே.

"யோவ், அந்த டவுன் ஆளு சும்மாவா கிரேன் கேட்டிருப்பான்?" என்றாள் ஸ்தானா.

"கிரேன் வெச்சிருக்கவன் கிரேன்தான் கேப்பான். பாதிரியாரு மெழுகுவத்தி கேப்பாரு. நீ வண்டியப் பாருடி. கண் அசந்தா ஊரே தூக்கிட்டுப் போயிரும்."

அது உண்மை. கீழ்க்கிளைகள் விழ விழ, பார்வையாளர்கள் பக்கத்திலேயே உலாவினார்கள். ஒருத்தி சுள்ளி பொறுக்குவதுபோல ஒரு கட்டையை மேலங்கிக்குள் செருகினாள். ஸ்தானா பிடுங்கிக்கொண்டாள். விழுந்ததைச் சுடச்சுட வண்டியில் ஏற்றி வீட்டுக்குத் தள்ளினாள், திரும்பி வந்தாள், மறுபடியும் ஏற்றினாள். கொட்டகைச் சுவரை ஒட்டி அடுக்கினாள். இந்த வரிசை கிறிஸ்துமஸ் வரைக்கும். இது பெரிய பனிக்கு. இது தவக்காலம் வரைக்கும்கூட வரும். பச்சை மரம்தான், புகையும். புகைந்தால் என்ன, கண்தானே எரியும்.

அடுக்கிக்கொண்டிருக்கையில் மிஷின் சத்தம் நின்றது. சாப்பிட இறங்குகிறான் என்று நினைத்துச் சோளக்களிக்கு உலை வைத்தாள்.

உலை கொதிக்குமுன் ஃபானே வாசல் கதவில் வந்து மோதினான். முகமெல்லாம் மரத்தூள்.

"அண்ணி, உள்ள ஒண்ணுமே இல்ல அண்ணி. வெறும் கூடு. மேல்பாதி அப்படியே ஒடிஞ்சு வந்துருச்சு."

"அவரு?"

"அதோடதானே கட்டிக்கிட்டிருந்தாரு."

சதுக்கத்துப் புதுக் கல்லின் மேல் இலாரியே மல்லாந்து கிடந்தான். யாரோ வாரை அறுத்துவிட்டிருந்தார்கள். பின்மண்டையிலிருந்து ரத்தம் கல்லிடுக்குகளில் ஓடிக் கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது. மரத்தின் உச்சி சிவப்பு எழுத்துகளின் மேல் விழுந்து இரண்டை நொறுக்கியிருந்தது. மேயர் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்கு என்று ஸ்தானா நினைத்தாள்.

"அதெல்லாம் தெரியாது, திருநாளுக்குள்ள புது எழுத்து வந்தாகணும்!" என்றார் மேயர்.

"காலை நேரா வைடி, மடிஞ்சு கிடக்கு" என்றான் இலாரியே.

கால்கள் நேராகத்தான் கிடந்தன. ஸ்தானா மண்டியிட்டு அவற்றைத் தொட்டு, நகர்த்துவதுபோல் நகர்த்தினாள். "வெச்சுட்டேன்" என்றாள்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகெலும்பு என்றார். தலைநகருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. வேலையில் அடிபட்டதென்றால் எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும், நடக்க முடியாமல் போனால் பென்ஷனும் உண்டு.

"வேலையிலதான் டாக்டர். மேயர் சொன்ன வேலை."

"அப்ப மேயர் சொல்லட்டும். நீங்க சொன்னாப் போதாதும்மா."

மேயர் என்ன சொல்கிறார் என்பது அவள் ஊர் திரும்பியபோதே தெரிந்துவிட்டது. கொட்டகைச் சுவரோரம் போலீஸ்காரர் டேப் பிடித்து விறகை அளந்துகொண்டிருந்தார். மேயருடைய மச்சானின் டிராக்டர் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.

"பொது இடத்து மரம். வெட்டினது திருட்டு. திருட்டு மாலும் வீட்டுலயே இருக்கு" என்றார் போலீஸ்காரர்.

"மேயர் குடுத்தது சார் இது! வெட்டற கூலிக்கு விறகுன்னு சொன்னாரு."

"எழுத்து இருக்கா?"

"கை குலுக்கினாரு."

போலீஸ்காரர் டேப்பைச் சுருட்டினார். "கைய எப்படிம்மா கோர்ட்டுல ஒட்டறது?"

ஸ்தானா மேயர் அலுவலகத்துக்கு நடக்கவில்லை, ஓடினாள். பர்வுலேத்தே தேசியக் கொடி நிறப் பட்டையைத் தோளுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் முகத்தைத் துக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"ஸ்தானா, என் நெஞ்சு ரத்தம் வடிக்குதும்மா. ஆனா நான் அவனுக்கு அன்னைக்குக் குடுத்த வேலை என்ன? சதுக்கத்துல சருகு கூட்டறது. மரத்துல ஏறுடான்னு யாரு சொன்னா? ஆசை. விறகு ஆசை."

"படியில நின்னு கை குலுக்கினீங்களே ஐயா! அத்தனை பேரு பாத்தாங்க!"

"நான் ஒரு நாளைக்கு நூறு கை குலுக்கறேன். தேர்தல் வந்தா ஆயிரம். எல்லாத்துக்கும் விறகா குடுக்கறேன்?" மேயர் குரலைத் தாழ்த்தினார். "மரத் திருட்டுக்கு ஜெயில் தெரியுமா? அவன் நிலைமையில ஜெயிலுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கே நாலு ஆள் வேணும். நீ பேசாம இரு. போலீஸ்கிட்ட நான் பேசிக்கறேன். பெரிய மனசு பண்றேன்."

"மிஷின் உங்க மச்சானோடது. அவரு மிஷினையும் எம் புருஷன் திருடினானா?"

மேயர் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பட்டையின் முடிச்சைச் சரிசெய்தார்.

வெளியே ஃபானே கால்வாய் தூர்வாரிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் இன்னும் ஆழமாகக் குனிந்தான்.

"வந்து சொல்லுடா. மேயரு ஏறச் சொன்னாருன்னு ஒரு வார்த்தை."

"அண்ணி, எனக்கும் இந்த உதவிப்பணம்தான். பொண்ணுக்கு ஆஸ்துமா. மருந்து நின்னா..." அவன் மண்வெட்டியைப் பார்த்துப் பேசினான். "நான் கயித்தத்தான் பாத்துட்டிருந்தேன். மேல பாக்கல."

"கயித்தோட மறு நுனியில யாருடா இருந்தா, பிசாசா?"

ஃபானே சேற்றை அள்ளிக் கரையில் போட்டான். அது வழுக்கித் திரும்பக் கால்வாய்க்குள்ளேயே விழுந்தது.

அவள் வெளிவாசலை அடைவதற்குள் உதவிப்பணக் குமாஸ்தா அனெத்தா ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். நல்ல பெண். யாரிடமும் குரல் உயர்த்தாதவள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இலாரியே அண்ணனுக்கு இந்த மாசம் ஒரு நாள் குறையுது."

"எந்த நாள்?"

"மரம் விழுந்த நாளு. அன்னைக்கு அவரு மரம் திருடப் போனதா இருக்கே. அப்ப வேலைக்கு வரலன்னுதானே போடணும். ரெண்டையும் எப்படிப் போடறது?" அனெத்தா உண்மையாகவே வருத்தப்பட்டாள். "வீட்டுலேர்ந்து யாராவது வந்து அந்த நாளை ஈடு பண்ணிட்டாச் சரியாயிடும். திருநாளுக்குள்ள. இல்லன்னா உதவிப்பணம் நின்னுரும். அப்புறம் ஆஸ்பத்திரியில ஒரு மாத்திரைகூடக் குடுக்க மாட்டாங்க, ஆபரேஷனை விடுங்க."

ஸ்தானா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவதற்கு ஏகப்பட்டது வாய் வரை வந்தது. எதைத் திட்டினாலும் அது இலாரியேவின் கட்டிலில் போய் விழும் என்று தோன்றியது.

"என்ன வேலை?" என்றாள்.

"சதுக்கம் கூட்டறது. அவரு அன்னைக்குச் செஞ்சிருக்க வேண்டியது."

திருநாளுக்கு முதல் நாள் காலையில் அவளுக்குத் துடைப்பம் கொடுத்தார்கள். சருகைக் கூட்டினாள். மரத்தூளைக் கூட்டினாள். புது எழுத்துகள் பிளாஸ்டிக் உறையோடு வந்து நின்றிருந்தன. இரண்டு பேர் அவற்றுக்கு மின்கம்பி இணைத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் மேயர் மைக்கைத் தட்டிப் பார்த்து, "மாண்புமிகு மாவட்டத் தலைவர் அவர்களே" என்று வெவ்வேறு குரலில் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது குரல் அவருக்குப் பிடித்துவிட்டது.

பிறகு அவர் பார்வை கீழே வந்தது.

"அங்க என்னம்மா கறை? தலைவர் கார்லேர்ந்து இறங்கறதே அந்த இடத்துலதான்."

மைக் திறந்திருந்ததால் கேள்வி சதுக்கம் முழுக்கக் கேட்டது. மின்கம்பிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்தானா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு வேலைக்கு வராதவனோடது, ஐயா" என்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

மேயர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். யாரையோ விரலால் அழைத்தார். சற்று நேரத்தில் ஃபானே ஒரு வாளித் தண்ணீரும் தேய்ப்புக் கட்டையும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரை ஊற்றினான். ஸ்தானா முட்டி போட்டுத் தேய்த்தாள். கல்லின் மேலிருந்தது போய்விட்டது. இடுக்குகளில் இருந்தது பழுப்பாகக் கரைந்து, கட்டம் கட்டமாக ஓடி, அப்படியே நின்றது.

"இன்னொரு வாளி" என்றார் மேயர்.