கோல்மன் உயரத்தில் மாட்டிய மணி

என் அண்ணன் கோல்மன் ஆறடி நாலங்குலம். போனிலிருந்தே பார்க்கவும் பேசவும் முடிகிற, கேமரா வைத்த வாசல் மணியை முன்கதவு நிலைக்கு மேலே, தன் கை எட்டிய இடத்தில் மாட்டினான். மற்றவர்கள் அழுத்த ஏணி வேண்டும். கேட்டால், "எவன்டா அழுத்தப் போறான்? நம்மாளுங்க பின்வாசல் வழியா நேரா அடுப்படிக்கு வர்றவங்க. இது ரோட்டைப் பார்க்கட்டும்" என்றான். கிறுக்கன்! ஆனால் சொன்னது சரிதான். எங்கள் மேயோ மாவட்டத்துப் பக்கம் முன்கதவு என்பது பாதிரியாருக்கும் அந்நியருக்கும் சவப்பெட்டிக்கும்தான்.

அவன் போய் மூன்று வாரம் ஆகிறது. துக்கத்துக்காக இரண்டு நாள் முன்கதவை அகலத் திறந்து வைத்திருந்தோம். முந்நூறு பேர் வந்தார்கள். அத்தனை பேரையும் படம் பிடித்தே மணியின் பேட்டரி தீர்ந்துபோனது.

"மலாக்கி, அதைக் கழட்டி சார்ஜ் போட்டுக் குடு" என்றாள் அண்ணி அட்ராக்டா. "படமெல்லாம் அதுக்குள்ளயே இருக்காம். சார்ஜ் ஏறினாத்தான் போன்ல தெரியும். என் பையன் எண்டா ரோட்டுல நின்னாவது பார்த்துட்டுப் போனானான்னு தெரிஞ்சுக்கணும். பெத்த மனசு, கேக்க மாட்டேங்குது."

அவள் மகன் வந்திருந்தான். வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தவன் நான்தானே! அப்பனோடு சண்டை போட்டுப் போன பயல், ஆறு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. என் அண்ணன் ஆஸ்பத்திரியில் "எண்டா வந்துட்டானா?" என்று கேட்டுக் கேட்டே கண்ணை மூடினான். அந்த ஆத்திரத்தில் பயலை வாசலோடு விரட்டிவிட்டேன். அவளிடம் "வரவே இல்லை" என்று பொய்யும் சொன்னேன்.

"அதுக்குத் தனி திருப்புளி வேணுமே, அது எங்க கிடக்கோ" என்று இழுத்துப் பார்த்தேன். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

ஏணி வைத்து ஏறினேன். திருகாணி அடிப்பக்கம் இருந்தது. கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். மணி கையோடு வந்தது. கீழே கருங்கல் படி. கை தவறிவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து இறங்கு மலாக்கி. உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு வேற யாரு இருக்கா?" என்றாள். பாவி மனசு, என்னால் கீழே போட முடியவில்லை.

சார்ஜ் ஏற ஐந்து மணி நேரம் ஆனது. தேநீர் மேல் தேநீராக ஊற்றிக் கொடுத்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மறுபடி ஏறி மாட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போனில் ஓடிய படத்தில் எண்டா வந்தான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான்.

"சித்தப்பா, அம்மாவ ரெண்டே நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேன்."

"உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டாடா உங்கம்மா. போ!" அது என் குரல்.

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

அவள் இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தாள். "எளச்சுப் போயிட்டான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"ஆத்திரத்துல... அட்ராக்டா, புத்தி கெட்டுப் போய்..." என்று குளறினேன்.

"வீட்டுக்குப் போ."

நான்கு நாள் பொறுத்து, ஞாயிறு பூசை முடிந்ததும் போனேன். பின்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அந்தக் கதவை நான் பிறந்ததிலிருந்து தட்டியதே இல்லை. தட்டினேன். யாரும் வரவில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தலைக்கு மேலே மணியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"யாருங்க? யாரைப் பார்க்கணும் உங்களுக்கு?"

போனில் என் முகம் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.